எதிரில் அமராதவர்

அறிவை விலைக்குக் கொடுப்பவர், அது யாருக்கு எதிராகப் பயன்படப் போகிறது என்பதையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவரா? ஆசிரியருக்கு இக்கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. ஒரு மாணவனுக்கு இலக்கணம் கற்பிப்பதால் அடுத்த மாணவனுக்கு இழப்பு நேர்வதில்லை. மருத்துவர் நிலையும் அதுவே. வழக்கறிஞர் நிலை வேறு. அவர் ஒருவருக்குக் கூறும் நல்லுரை, பல வேளைகளில், அங்கே இல்லாத இன்னொருவருக்குக் கிடைக்கவேண்டியதைக் குறைக்கிறது.

நான் இங்கே கருதுவது கொலை வழக்கில் வாதாடிப் புகழ் பெறுபவரை அன்று. நம் மலேசியச் சிறு நகரங்களின் கடைத்தெருவில், மளிகைக் கடைக்கோ மருந்துக் கடைக்கோ மேல்மாடியில், ஓர் எழுத்தரை வைத்துக்கொண்டு தொழில் நடத்துபவரையே கருதுகிறேன். இங்கிலாந்தில் இரு பிரிவாக நிற்கும் இத்தொழில் நம் நாட்டில் ஒன்றே. வாதிடுபவரும் பத்திரம் எழுதுபவரும் ஒருவரே. ஆதலின் காலையில் உயில், நண்பகலில் கூட்டு வாணிக ஒப்பந்தம், மாலையில் கடனில் மூழ்கியவரின் கண்ணீர், இடையே வருமான வரிக் கடிதம் என எல்லாம் அந்த ஒரு மேசைக்கே வந்து சேரும். 'வழக்கு' என்ற சொல்லுக்கு மரபு என்றும் பொருள், பிணக்கு என்றும் பொருள். இவர் அறிந்திருக்கவேண்டியது முதற்பொருளையே. குடும்பங்கள் எப்படிப் பேசும், எதைப் பேசாமல் விடும் என்பதை அறியாதவர் இவ்வேலைக்கு உதவார்.

உயிலை எடுத்துக்கொள்வோம். தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய உடைமை 1958 ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி பிரிக்கப்படும். 1997 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. பிள்ளைகள் என்றால் ஆணும் பெண்ணும் சமமே. அதாவது, தந்தை வாய் திறவாமல் மறைந்தால் மகளுக்கும் மகனுக்கும் ஒரே அளவு. அந்தச் சமத்துவத்தைக் கலைக்க ஒரு கருவி வேண்டும். அக்கருவிதான் உயில், அதனை எழுதித் தருபவர் வழக்கறிஞர்.

ஒரு மகன் தன் முதிய தந்தையை மாடிப்படி ஏற்றி அழைத்து வருகிறான் என்று கொள்வோம். வீடும் கடையும் மகனுக்கே என்று எழுதவேண்டும். மகள் தன் விருப்பப்படி மணம் செய்துகொண்டவள்; அவளுக்கு ஒன்றுமில்லை. பேசுவது மகன், தலையசைப்பது தந்தை. சட்டம் இதைத் தடுக்கிறதா? தடுக்கவில்லை. உயிலில் விடுபட்டவர் நீதிமன்றம் சென்று வாழ்க்கைப்படி கேட்க 1971 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் தருவது உண்மையே. ஆனால் கணவன் அல்லது மனைவி, மணமாகாத மகள், வயது வராத மகன், உடலாலோ உள்ளத்தாலோ தம்மைக் காத்துக்கொள்ள இயலாத பிள்ளைகள் ஆகியோருக்கே அது. நலமாய் இருக்கும் மணமான மகளுக்கு அங்கே கதவு இல்லை.

இங்கே வழக்கறிஞர் செய்யத்தக்கது யாது? எழுத மறுப்பது அறம் என்று சிலர் கூறுவர். எனக்கு அது உடன்பாடன்று. தன் உழைப்பில் சேர்த்த பொருளை யாருக்குக் கொடுப்பது என்னும் உரிமை அம்முதியவருடையது. வழக்கறிஞர் அக்குடும்பத்துக்கு நீதிபதி அல்லர். ஆனால் மகனைக் கீழே தேநீர்க் கடைக்கு அனுப்பிவிட்டுத் தந்தையிடம் தனியே கேட்பது அவருடைய கடமை. "ஐயா, இது உங்கள் எண்ணமா? நீங்கள் ஒன்றுமே எழுதாவிட்டால் உங்கள் மகளுக்கும் ஒரு பங்கு உண்டு, அது தெரியுமா?" இந்த வினாக்களுக்குக் கால் மணி நேரம் போதும். அவற்றைக் கேட்காமல் எழுதப்படும் உயில், இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் முறையாகப் பெற்றிருந்தாலும், என் கணிப்பில் பாதி உயிலே.

கடன்பட்டோர் செய்தி இன்னும் கடினமானது. 'மஞ்சள் கடுதாசி கொடுத்தான்' என்று நம் பாட்டன்மார் ஏளனமாகச் சொன்னார்களே, அந்த நொடிப்புநிலை உண்மையில் இரக்கத்தின் பாற்பட்டது. அண்மைக் காலத்தில் அவ்விரக்கம் கூடியும் இருக்கிறது. 2017 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், பிறருடைய கல்விக் கடனுக்கோ குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கோ ஆதாயம் கருதாமல் பிணை நின்றவரை நொடித்தவராக்க முடியாது. உறவினர் பிள்ளைக்குப் பிணைக் கையெழுத்திட்டு உறக்கம் இழந்த ஆசிரியர்கள் இதன் அருமையை அறிவார்கள். வழக்குத் தொடுப்பதற்கான கடன் வரம்பும் 2021 முதல் 1,00,000 ரிங்கிட்டாக நிலைபெற்றது. ஆயினும் இரக்கத்திற்கு ஒரு விலை உண்டு: இருப்பதை மறைக்காமல் காட்டவேண்டும். "வீட்டை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டுப் பிறகு நொடித்துப்போனால் என்ன?" என்று கேட்பவர் இரக்கத்தையும் கேட்கிறார், வீட்டையும் கேட்கிறார். அத்தகைய கைமாற்றத்தைச் செல்லாது என்று ஒதுக்கச் சட்டத்திலேயே வழி உண்டு. அவர் ஏமாற்ற எண்ணுவது வங்கியை மட்டுமா? கூலி பாக்கி நிற்கும் தொழிலாளியும், சரக்கைக் கடனுக்குத் தந்த சிறு வணிகரும் அப்பட்டியலில் இருப்பர்.

1950 ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 126 ஆம் பிரிவு இங்கே ஒரு கோடு கிழிக்கிறது. நான் போலிப் பத்திரம் செய்துவிட்டேன், எனக்காக வாதாடுங்கள் என்று கட்சிக்காரர் சொன்னால் அது காக்கப்படவேண்டிய இரகசியம். போலிப் பத்திரத்தைக் கொண்டு ஒரு சொத்தைப் பெறவேண்டும், வழக்குப் போடுங்கள் என்று சொன்னால் அதற்குக் காப்பில்லை. நடந்த குற்றத்திற்கு வழக்கறிஞர் துணை நிற்கலாம். நடக்கப்போகும் குற்றத்திற்குக் கருவியாகக் கூடாது. அறநூல் வல்லார் பலர் சுற்றி வளைத்துச் சொல்வதை இப்பிரிவு இரண்டே எடுத்துக்காட்டுகளில் சொல்லிவிடுகிறது.

வரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சட்டம் அனுமதித்த கழிவைக் கேட்பது உரிமை, வருவாயை மறைப்பது குற்றம். இரண்டுக்கும் நடுவே, வரியைக் குறைப்பதற்கென்றே புனைந்த ஏற்பாடுகளைப் புறக்கணிக்க 1967 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 140 ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அங்கேயும் எதிரில் அமராதவர் ஒருவர் உண்டு. ஆனால் பொதுமக்கள் என்னும் அவருக்கு முகம் இல்லாமையால் அவரை மறப்பது எல்லாருக்கும் எளிது.

நான் செய்யாவிட்டால் எதிர்ச்சாரியில் இருப்பவர் செய்துவிடுவார் என்பது இத்தொழிலில் வழக்கமாகக் கூறப்படும் சமாதானம். செய்யத்தான் செய்வார். ஆனால் அது அவருடைய கையெழுத்து.

மெய்யான இடர் மறுத்த பின்னரும் தீர்வதில்லை. அந்தத் தந்தை தனியே கேட்டபோதும் தம் முடிவில் உறுதியாக இருந்தார் என்று கொள்வோம். உயில் எழுதி இரும்புப் பெட்டியில் வைக்கப்படுகிறது. அடுத்த மாதம் அதே மகள், தன் கணவரின் கடைக் கணக்கு பற்றிக் கேட்க அதே மாடிப்படி ஏறி வருகிறாள். பேச்சினிடையே, அப்பாவின் வீட்டில் தனக்கொரு பங்கு வரும் என்றும் அதை நம்பித்தான் கடன் வாங்க எண்ணியிருப்பதாகவும் சொல்கிறாள். வழக்கறிஞர் வாய் திறக்க முடியாது. தந்தை சொன்ன சொல் தந்தையுடையது. அவளுடைய வேலையை ஏற்க இயலாது என்று மட்டும் அவர் சொல்லலாம். ஏன் என்று அவள் கேட்பாள். அதற்கும் அவரால் விடை கூற முடியாது.