பூட்டும் அண்டை வீடும்

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். கல்லாப் பணத்துடன் இரவில் வீடு திரும்பும் வணிகர்களாகிய நாம் இதனை நன்கறிவோம். ஆனால் மடியில் ஏதுமில்லாத மூதாட்டியும் பொழுது சாய்ந்தபின் மின்தூக்கியில் தனியே ஏற அஞ்சுகின்றாரே, அது ஏன்? களவு நடவாத கட்டடத்திலும் அச்சம் குடியிருப்பதன் காரணத்தை நாம் ஆராயக் கடமைப்பட்டுள்ளோம்.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தோன்றியது. 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீ கம்பம் தீக்கிரையாகி ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அவர்களிற் பலருக்கு அடுக்குமாடி வீடுகளே புகலிடமாயின. கல்சுவரும் குழாய்நீரும் மின்விளக்கும் கிடைத்தன. அவை பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் கூடவே இரும்புக் கதவும் வந்தது. அடுத்த வீட்டாரின் பெயரறியாத வாழ்வும் வந்தது.

அப்படியாயின் கம்பத்து வாழ்வே மேலானதோ? அவ்வாறு சொல்லிவிட இயலாது. அக்காலத்தில் இரகசியச் சங்கத்தார் கடைதோறும் 'பாதுகாப்புப் பணம்' வசூலித்ததை நம் முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். அந்தக் குண்டர்களை எல்லாரும் அறிந்திருந்தனர். எனினும் எவரும் வாய் திறக்கவில்லை. ஆகவே, பழக்கம் மட்டும் போதாது. கண்டதைச் சொல்லும் துணிவும், சொன்னவரைக் கைவிடாத அயலாரும் வேண்டும்.

அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் வெளியிட்ட நூலில், தெருவின் அமைதியை முதற்கண் காப்பது காவலர் அல்லர், அங்கு வாழ்வோரின் கண்களே என்றார். அக்கண்களில் கடைக்காரரின் கண்ணையும் அவர் சிறப்பித்துச் சொன்னார். அந்நாட்டின் செயின்ட் லூயிஸ் நகரில் பதினொரு மாடி கொண்ட 33 கட்டடங்களை எழுப்பினர். 1972இல் அவற்றை இடிக்கத் தொடங்கினர். வறுமை, பராமரிப்பின்மை எனக் காரணங்கள் பல. பலருக்கும் பொதுவான படிக்கட்டை எவரும் தமதெனக் கருதாமற்போனதும் அவற்றுள் ஒன்று என்றார் ஆஸ்கர் நியூமன் என்னும் கட்டடக் கலைஞர். காவலரும் குடியிருப்போரும் ஒருவரையொருவர் அறியவேண்டும் என்பதற்காகவே 1983இல் தோ பாயோவில் அக்கம்பக்கக் காவல் நிலையம் தொடங்கப்பெற்றது.

இனி நம் கடமையைப் பார்ப்போம். புளோக்கின் கீழே இருக்கும் 'மாமாக் கடை' வெறும் விற்பனை இடமன்று. நாள்தோறும் ரொட்டி வாங்க வருபவர் இரண்டு நாளாய் வரவில்லையே என்று முதலில் எண்ணுபவர் கடைக்காரரே. இந்த எண்ணம் ஒரு காவல், இதற்குச் சம்பளமில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அயலாருக்காக விழித்திருப்பது வேறு. அந்நியரையெல்லாம் ஐயுறுவது வேறு. நிறத்தையும் உடையையும் பார்த்து ஒருவரைத் திருடராக்குவது அநீதி. நம் பாட்டன்மார் இத்துறைமுகத்தில் வந்திறங்கிய நாளில் அவர்களும் அந்நியரே அன்றோ! அன்று யாரோ ஒருவர் அவர்களை நம்பிக் கடன் கொடுத்ததாலன்றோ நம் கடைகள் எழுந்தன!

அன்பர்களே, பூட்டு வேண்டாமென்று நாம் கூறவில்லை. பூட்டியபின் அடுத்த கதவில் இருப்பவர் யாரென்று அறிந்துகொள்ளுங்கள். நாளைக் காலை முதல் வணக்கத்தை நீங்களே சொல்லுங்கள்.