புரையுடைய உடம்பும் புரையற்ற உயிரும்



அநித்தியம் முதலாகிய பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளை நாள்தோறும் சிந்திக்க நாம் கடமைப்பட்டவர்கள். அவற்றுள் ஒன்று அசுசி அனுப்பிரேட்சை. உடம்பின் தூய்மையின்மையை உள்ளத்தில் நிறுத்திப் பார்த்தல். நம் மாவட்டத்துப் பொன்னூர் மலையில் தவமியற்றியவர் என மரபு போற்றும் குந்தகுந்தாசாரியார் இப்பன்னிரு சிந்தனைகளுக்கென்றே ஒரு தனி நூல் இயற்றினார். நாலடியாரில் தூய்தன்மை என ஓர் அதிகாரமே அமைந்துள்ளது. ஒன்பது வாயில்களும் ஓயாமல் ஒழுகும் இவ்வுடம்பைப் பூவாலும் சாந்தாலும் மறைத்துவிட முடியாது என்பதை நாம் இளமை முதலே கேட்டு வருகிறோம்.

ஒன்பது வாயில்களும் கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாத குழிகளும் புரைகளும் இவ்வுடம்பில் கோடிக்கணக்கில் உள்ளன. தமிழில் புரை என்னும் சொல் உட்டுளையையும் குறிக்கும், குற்றத்தையும் குறிக்கும். புண் புரையோடிற்று என்கிறோம். குற்றமற்றதைப் புரையற்றது என்கிறோம். ஒரே சொல் இரண்டு பொருளையும் தாங்கி நிற்பதால், துளையெல்லாம் குற்றமே என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். அவ்வாறு எண்ணுவது சரிதானா என்பதை இங்கே ஆராய்வோம்.

நுரையீரலை எடுத்துக்கொள்வோம். 1661-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு மால்பீகி என்னும் அறிஞர் நுண்ணோக்கியின் வழியே தவளையின் நுரையீரலைப் பார்த்து, அது வெறும் சதைத் திரளன்று, சிறு சிறு காற்றறைகளின் தொகுதி என்று எழுதினார். நம் நுரையீரலில் இத்தகைய அறைகள் 30 கோடி முதல் 50 கோடி வரை இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவினது. எல்லாவற்றையும் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 750 சதுர அடி வரும். ஒரு நடுத்தர வீட்டின் தரையளவு. இரைப்பையின் உட்சுவரிலும் ஏறத்தாழ 35 லட்சம் சிறு குழிகள் உண்டு. செரிமான நீர் அவற்றின் வாய் வழியே சுரக்கிறது. உள்நாக்குக்கு இருபுறமும் உள்ள அண்ணச் சதைகள் ஒவ்வொன்றிலும் பத்து இருபது மடிப்புக் குழிகள் உள்ளன. நோய்க் கிருமிகளை உடம்பு அடையாளம் கண்டுகொள்ளும் இடங்களுள் அவையும் சேரும். அக்குழிகளிலேயே உணவுத் துணுக்குகள் தங்கி நாறுவதும் உண்டு. காவல் நிற்குமிடமும் குப்பை சேருமிடமும் ஒன்றாகவே இருக்கின்றன!

எலும்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எலும்பை வரைந்து காட்டும்போது பிள்ளைகள் அதை ஒரு கல் என்றே எண்ணுவர். உண்மையில் எலும்புக்குள்ளும் எண்ணற்ற நுண்குழிகள் உண்டு. ஒவ்வொரு குழியிலும் ஓர் உயிரணு குடியிருக்கிறது. ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் மயிரிழையினும் நுண்ணிய கால்வாய்கள் ஓடுகின்றன. இவையன்றி, தோண்டப்படும் குழிகளும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஜான் ஹவ்ஷிப் என்ற ஆங்கில அறுவை மருத்துவரின் பெயரால் அவை வழங்குகின்றன. எலும்பைக் கரைக்கும் அணுக்கள் சில வாரங்களில் ஒரு சிறு குழியைத் தோண்டுகின்றன. பின்னர் எலும்பைக் கட்டும் அணுக்கள் வந்து சில மாதங்கள் உழைத்து அதே குழியைப் புதிய எலும்பால் நிரப்புகின்றன. இவ்வாறு ஆண்டொன்றுக்கு நம் எலும்புகளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு புதிதாகிறது. பரியாயங்கள் கணந்தோறும் தோன்றி மறைகின்றன என்று நம் நூல்கள் சொல்வதை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குத் தோன்றவில்லை.

இளமையில் தோண்டலும் நிரப்பலும் ஒத்து நடக்கின்றன. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் தோண்டல் மிகுந்து நிரப்பல் பின்தங்குகிறது. ஆடவர்க்கும் முதுமையில் இது நேரும். சற்றுத் தாமதமாக நேரும். குழிகள் மூடப்படாமலே நின்று எலும்பு ஈரல்போல் மென்மையாவதில்லை. கறையான் அரித்த உத்தரம்போல் உள்ளே வெறுமையாகிறது. இதையே எலும்புப்புரை நோய் என்கின்றனர். வலி முன்கூட்டி வருவதில்லை. கூன் விழும், உயரம் குறையும், ஒரு நாள் குளியலறையில் கால் இடறும், இடுப்பெலும்பு முறியும்.

வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்தபின் இப்பகுதி பெரிதும் விரிந்துவிட்டது. வந்தவாசி, ஆரணி, போளூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து பிள்ளைகளின் வேலையை ஒட்டி இங்கு வந்து தங்கும் முதியோரைக் காண்கிறோம். அவர்களிடம், சிறப்பாகப் பாட்டிமார்களிடம், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கியிருக்கும், முதுகு வளைந்திருக்கும். “மருத்துவரிடம் போகலாம், வாருங்கள் அத்தை” என்று மருமகள் அழைத்தால், “போகப்போகிற கட்டைதானே அம்மா, இதற்கு எதற்கு வைத்தியம்? உடம்பு அசுசி என்று சாமியார் சொல்லவில்லையா?” என்பார்கள். கேட்பவர்களும் அதை வைராக்கியம் என்று மெச்சி விட்டுவிடுகிறார்கள். செலவும் அலைச்சலும் மிச்சம் என்ற எண்ணம் அந்த மெச்சுதலுக்குள் எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்பதை அவரவர் மனத்தைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அசுசி அனுப்பிரேட்சைக்கு இது பொருளன்று. பற்று அறுவதற்காகச் சொன்ன சிந்தனை அது. பராமரிப்பை அறுப்பதற்காகச் சொன்னதன்று. நாலடியாரில் உடம்பைக் கரும்புக்கு ஒப்பிடும் பாடல் ஒன்றுண்டு. கரும்பை ஆட்டி வெல்லக்கட்டியைக் காலத்தே எடுத்துக்கொண்டவர், பின்னர்ச் சக்கை எரிவதைக் கண்டு வருந்தார் என்பது அதன் கருத்து. சக்கைக்காக வருந்தக் கூடாது என்பதை நாம் பிடித்துக்கொண்டோம். சாறு எடுக்கும் வரை கரும்பைக் காக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டோம். நம் மாவட்டத்தில் கரும்பு பயிரிடுவோரைக் கேளுங்கள். இடைக்கணுப் புழு துளைத்த கரும்பை, எப்படியும் வெட்டப்போகும் பயிர்தானே என்று எவரும் விட்டுவைப்பதில்லை.

சல்லேகனையை எடுத்துக்காட்டி இதற்கு மறுமொழி சொல்வோரும் உண்டு. சமந்தபத்திரர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் சல்லேகனைக்கு உரிய காலத்தை வரையறுத்திருக்கிறார். அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பு நம் தமிழில் உள்ளது. இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவை நீக்க வழியற்றனவாக வந்தபோது என்பதே அவர் வைத்த வரம்பு. நீக்க வழியற்றவை என்ற அடைமொழியை விட்டுவிட்டு அந்த விதியைப் படிக்கலாகாது. சொத்தைப் பல்லுக்கு வழியுண்டு. எலும்புப்புரைக்கும் கேழ்வரகு, பால், எள், காலை வெயில், நடைப்பயிற்சி, மருந்து என்று வழிகள் உண்டு. திருவண்ணாமலையில் 2013-ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது; முன்போல் எல்லாவற்றுக்கும் வேலூருக்கோ சென்னைக்கோ பேருந்து ஏற வேண்டிய நிலை இன்றில்லை. எலும்பைக் கரையாமல் காக்கும் மாத்திரைகளுள் ஒரு வகையை விடியற்காலை வெறும் வயிற்றில் ஒரு குவளை நீருடன் உட்கொண்டு, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். சூரியன் உதித்தபின் நீர் அருந்தும் நம்மவர்க்கு இதில் விரதபங்கம் ஏதுமில்லை. இரவில் உண்ணச் சொல்லும் மருந்தாயின், நம் நியமத்தை மருத்துவரிடம் சொல்லி நேரத்தை மாற்றித் தரக் கேட்கலாம். கேட்காமலே மருந்தை விடுவதுதான் தவறு.

பல்லைப் பற்றி ஓர் ஐயம் எழும். முனிவரின் இருபத்தெட்டு மூலகுணங்களுள் பல் துலக்காமையும் ஒன்றன்றோ? ஆம். நாளுக்கு ஒரே வேளை, நின்றபடி, கையில் ஏற்று உண்பதும் அவற்றுள் அடங்கும். மூன்று வேளை உண்டு இடையில் காப்பியும் இனிப்பும் கொள்ளும் நாம், அவற்றுள் ஒன்றை மட்டும் பின்பற்றுவது பொருந்துமா? இனிப்பும் மாவும் பல்லிடுக்கில் தங்கினால் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கச் செய்கின்றன. அந்த அமிலம் பல்லின் மேலோட்டைக் கரைத்துக் குழியாக்குகிறது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இரவில் இது விரைந்து நடக்கும். இரவுணவு நீக்கியவர்க்கு இதில் நன்மையுண்டு. ஆயினும் அவ்விரதம் பல்லுக்காக ஏற்பட்டதென்று யாரும் மேடையில் பேசாதிருந்தால் நல்லது. அது உயிர்க்கொலை நீக்கத்திற்காக ஏற்பட்டது.

“கிருமிநாசினி மருந்து உட்கொண்டால் இம்சையாகாதா?” என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். நல்ல வினா. பூமி, நீர், நெருப்பு, காற்று ஆகியவற்றை உடம்பாகக் கொண்டோர், கேவலிகள், தேவர், நரகர், ஆகாரக உடம்பு ஆகிய எட்டும் நீங்கலாக ஏனைய உடம்புகளில் நிகோத உயிர்கள் நிறைந்துள்ளன என்பது கோம்மடசாரத்தின் கருத்து. அந்நூல் சொல்லும் நிகோதமும் நுண்ணோக்கி காட்டும் கிருமியும் ஒன்றே என்று அடித்துச் சொல்லும் அவசரம் நமக்கு வேண்டாம். ஆனால் ஒரு குழியை மூடாமல் விட்டால் அதில் உயிர்கள் பெருகும். பெருகியபின் மருந்தால் மடியும். உண்டபின் வாய் கொப்பளித்து, குழி விழாமலே காத்தால் அவ்வளவு மடிவு இல்லை. இல்லறத்தாருக்குச் சொன்ன யத்தினாசாரம், அதாவது விழிப்புடன் செயற்படல், இங்கே அகிம்சையின் பக்கமே நிற்கிறது.

உத்தாயன மன்னரின் கதையை மறக்கலாகாது. புண்ணும் நாற்றமும் கொண்ட முனிவர் வடிவில் ஒரு தேவன் வந்து, உணவேற்று, அரசர் மீதும் அரசி பிரபாவதி மீதும் கக்கினான். அரசர் அருவருக்கவில்லை, ஒவ்வாத உணவை அளித்துவிட்டோமே என்று வருந்தித் தம் கையாலேயே கழுவித் துடைத்தார். நற்காட்சியின் மூன்றாம் அங்கமாகிய நிர்விசிகித்சைக்கு அவரே சான்று. உடம்பு அசுசி என்பதை அவர் நம்மினும் நன்கு அறிந்தவர். அறிந்தவர் செய்தது மருத்துவப் பணி. நான்கு தானங்களுள் ஔஷத தானமும் ஒன்றாக வைக்கப்பட்டதன் காரணம் அவர் கைகளில் தெரிகிறது. அத்தையின் வாய் நாற்றத்தைக் கண்டு முகம் சுளிக்காமல் பல் மருத்துவரிடம் அழைத்துப் போகும் மருமகள் அந்த அங்கத்தில் நிற்கிறாள்.

இனி உயிரின் பக்கம் வருவோம். உடம்பெங்கும் வியாபித்திருக்கும் ஆன்மப் பிரதேசங்கள், வீடுபேற்றில் எந்த அளவில் நிற்கும்? இறுதி உடம்பைவிடச் சற்றே குறைந்த அளவில் என்கிறது நேமிச்சந்திரரின் திரவிய சங்கிரகம். ஏன் சற்றே குறைவு? நாசி முதலிய உறுப்புகளின் துளைகளில் ஆன்மப் பிரதேசம் இல்லை. அத்துளைகளின் அளவே குறைகிறது என்று உரையாசிரியர் விளக்குவர். உடம்பின் வெற்றிடங்களை நம் ஆசாரியர்கள் எத்துணை நுட்பமாகக் கணக்கிட்டிருக்கிறார்கள் பாருங்கள்! அதற்கு அவர்கள் காட்டும் உவமை மெழுகு உருகிப்போன அச்சு. சுவாமிமலைச் சிற்பிகள் மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடேற்றி மெழுகை வெளியேற்றுவர். மெழுகு போய்விடும், அது கொண்டிருந்த வடிவம் மட்டும் உள்ளே நிற்கும்.

திகம்பரக் கோயில்கள் சிலவற்றில் சித்த பகவானின் உருவத்தை உலோகத் தகட்டில் இவ்வாறே அமைத்திருப்பர். தகட்டின் நடுவே மனித வடிவம் வெட்டி எடுக்கப்பட்டிருக்கும், அவ்விடத்தில் ஒன்றுமிராது. “சாமி எங்கே பாட்டி?” என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். தகடு புற்கலம், கண் காண்பது அதை மட்டுமே. உயிர் அருவமாதலால் அதைச் செதுக்கிக் காட்ட இயலாது. அது நின்ற வடிவை மட்டும் வெட்டிக் காட்டியிருக்கிறார்கள். பின்னால் ஒரு விளக்கை ஏற்றிப் பிள்ளைகளை அருகே நிறுத்திக் காட்டுங்கள். ஒளி அந்த வடிவின் வழியே வரும். அதில் நாசித் துளை இல்லை. செவித் துளை இல்லை. பல்லும் எலும்பும் இல்லை. ஒரு மனிதர் நின்ற அளவுக்கு விளிம்பு மட்டும் இருக்கும்.