துச்சிலும் புக்கிலும்

பணி ஓய்வு பெற்றவர்களை நாடி இக்காலத்தில் புதியதொரு பணி வருகிறது. அதற்குச் சம்பளம் இல்லை. தங்குவதற்கு வாடகையும் இல்லை. வீட்டுக்காரர் வெளியூரோ வெளிநாடோ செல்லும்போது, அவர் திரும்பும்வரை அவருடைய வீட்டிலேயே தங்கி அதனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் வேளை தவறாமல் உணவு வைக்க வேண்டும். செடிகளுக்கு நீர் ஊற்ற வேண்டும். வரும் கடிதங்களை எடுத்து வைக்க வேண்டும். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் இது வழக்கத்தில் ஊன்றிவிட்டது. வீட்டாரையும் தங்க வருவோரையும் இணைத்து வைப்பதற்கென்றே நிறுவனங்கள் உள்ளன. 2010ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கப்பெற்ற டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் அவற்றுள் ஒன்று. தங்க வருவோருள் ஓய்வு பெற்ற தம்பதியர் பலர்.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணங்கள் உண்டு. வளர்ப்பு விலங்குகளைக் காப்பகத்தில் விட்டால் அவை ஏங்கிப்போகின்றன. 30 அல்லது 60 நாள்களுக்கு மேல் ஆளின்றிக் கிடக்கும் வீட்டுக்கு அந்நாடுகளின் காப்பீட்டு ஒப்பந்தங்கள் பல முழுப் பாதுகாப்புத் தருவதில்லை. ஓய்வு பெற்றவர்களிடமோ நேரம் இருக்கிறது. பொறுப்போடு வாழ்ந்த பழக்கமும் இருக்கிறது.

இது எங்கோ நடப்பது என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. நம் பிள்ளைகள் அந்நாடுகளில் குடியேறியிருக்கிறார்கள். அவர்கள் இங்கே கட்டிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ இரண்டரைக் கோடிக் கட்டடங்கள் ஆளின்றி இருந்தன. ஆகவே, “மாமா, நீங்களும் அத்தையும் எங்கள் வீட்டிலேயே இருந்துகொள்ளுங்களேன், வீடும் பூட்டிக் கிடக்காது, உங்களுக்கும் வாடகை மிச்சம்” என்னும் அழைப்பு நம் குடும்பங்களிலும் கேட்கிறது. அன்போடு விடுக்கப்படும் அழைப்புத்தான். எனினும், அதற்கு இசையும் முன் சிந்திக்க வேண்டியவை சில உள்ளன. ‘வீட்டுக் காவல்’ என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு: வீட்டைக் காப்பது ஒன்று, வீட்டிலேயே சிறைப்பட்டிருப்பது மற்றொன்று. முன்னது பின்னதாக மாறிவிடாதிருக்க என்ன செய்வது?

யார் யாருக்கு உதவுகிறார்?

பிறர் வீட்டில் தங்கிக் காப்பவர் யார்? அவர் உரிமையாளர் அல்லர். வாடகை கொடுக்காததால் குடித்தனக்காரரும் அல்லர். கூலி பெறாததால் பணியாளர் அல்லர். விருந்தினரும் அல்லர், விருந்தினரை வீட்டார் பேணுவர், இவரோ வீட்டைப் பேணுகிறார். பெயர் இல்லாத உறவில் கடமைகளும் தெளிவின்றிப் போகின்றன.

உரோமைச் சட்ட அறிஞர்கள் இதையொத்த வினாவை ஆழ்ந்து ஆராய்ந்தனர். பேரரசர் ஜஸ்டினியன் கி.பி. 533இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் இரு நிலைகள் பிரித்துக் காட்டப்படுகின்றன. ஒருவர் தம் பொருளைப் பாதுகாத்துத் தருமாறு மற்றவரிடம் ஒப்படைப்பது ஒன்று. இதில் நன்மை ஒப்படைத்தவருக்கே. பெற்றுக்கொண்டவர் அப்பொருளைப் பயன்படுத்தலாகாது. ஆனால், வஞ்சகம் செய்தாலன்றி இழப்புக்கு அவர் பெரும்பாலும் பொறுப்பாவதில்லை. பயன்படுத்திக்கொள்ளுமாறு இலவசமாக இரவல் கொடுப்பது மற்றொன்று. இதில் நன்மை இரவல் பெற்றவருக்கு. ஆதலால் அவர் மிகுந்த கவனத்தோடு பொருளைக் காக்கக் கடமைப்பட்டவர். நன்மை யாரைச் சேருகிறதோ அவர்மேல் பொறுப்பின் சுமை கூடுகிறது என்பதே இவ்விரண்டின் அடிப்படை.

பிறர் வீட்டில் தங்குவோரின் நிலையில் இவ்விரண்டும் பிணைந்து கிடக்கின்றன. வீட்டைக் காத்துத் தருவதால் வீட்டுக்காரருக்கு நன்மை. வாடகையின்றித் தங்குவதால் இவருக்கும் நன்மை. மனத்தாங்கல் இங்கேதான் பிறக்கிறது. “சும்மா இருக்க இடம் கொடுத்தேன்” என்று வீட்டுக்காரர் கணக்கிடுகிறார். “சும்மா காவல் இருந்தேன்” என்று தங்கியவர் கணக்கிடுகிறார். இருவரும் தாம் செய்ததை உதவியென்றும், பெற்றதை உரிமையென்றும் எண்ணுகின்றனர்.

அரசுகள் இதை இன்னும் கறாராக நோக்குகின்றன. 2022இல் சுற்றுலா அனுமதியில் அமெரிக்காவில் வந்திறங்கிய ஆஸ்திரேலியப் பெண்மணி ஒருவரை அதிகாரிகள் திருப்பி அனுப்பினர். தங்கும் இடத்துக்கு ஈடாக வீடு பார்த்துக்கொள்வதும் வேலைதான் என்பது அவர்கள் கூறிய காரணம். பிள்ளைகளைக் காணச் செல்லும் நம் பெற்றோர், அங்கே பிறர் வீடுகளைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொள்ளும் முன் இதனை மனத்திற்கொள்வது நல்லது.

இதிலிருந்து ஓர் அறநெறி தெளிவாகிறது. இரு பக்கமும் நன்மை உள்ள இடத்தில், இரு பக்கமும் அதனை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதை எழுதி வைக்க வேண்டும். எந்த நாள் முதல் எந்த நாள் வரை? மின்கட்டணம் யாருடையது? மோட்டார் பழுதானால் செலவு யாருடையது? உறவினர் வந்தால் தங்கலாமா? எந்த அறையைப் பயன்படுத்தலாம்? நாய்க்கு நோய் கண்டால் எந்த மருத்துவரிடம் செல்வது? முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் யாருக்குச் செய்தி சொல்வது? உறவினரிடம் எழுதி வாங்குவது அவமதிப்பு என்று நம்மவர் கருதுகின்றனர். உண்மையில், எழுதப்படாத எதிர்பார்ப்புகளே உறவுகளை முறிக்கின்றன. எழுத்து நினைவின் துணை. அதில் அவநம்பிக்கைக்கு இடமில்லை.

வீட்டுக்காரருக்கும் ஒரு சொல். முதியவர் ஒருவரைத் தங்க வைத்துவிட்டு, பக்கத்து மனையில் கட்டட வேலையை மேற்பார்க்கவும், கடை வாடகை வசூலிக்கவும், வழக்குக்காக நீதிமன்றப் படியேறவும் அவரை ஏவுவது நீதியாகாது. அவ்வளவும் செய்பவருக்கு உரிய ஊதியம் உண்டு. ‘இலவசமாக இருக்கிறார்’ என்ற சொல்லுக்குப் பின்னால் அந்த ஊதியத்தை மறைக்கக் கூடாது.

பயன்பாடும் ஆளுகையும்

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் ‘இறையியல் தொகுப்பு’ நூலில் உடைமையைப் பற்றிப் பேசும்போது இரண்டைப் பிரித்துரைக்கிறார். பொருளை ஈட்டி நிர்வகிக்கும் அதிகாரம் ஒன்று. பொருளைப் பயன்படுத்துதல் மற்றொன்று. முன்னதில் தனியுரிமை முறையானது என்கிறார். பின்னதில், மனிதர் தம் பொருளைத் தமக்கு மட்டுமே உரியதாக எண்ணாமல், பிறர் தேவையில் பகிர்ந்துகொள்ள ஆயத்தமாக இருக்க வேண்டும் என்கிறார்.

இப்பாகுபாடு நம் வினாவுக்கு நன்கு பொருந்துகிறது. வீட்டுக்காரர் பயன்பாட்டைப் பகிர்கிறார், ஆளுகையைக் கைவிடவில்லை. தங்குபவர் இவ்வெல்லையை நாள்தோறும் நினைவில் வைக்க வேண்டும். நாற்காலியில் அமரலாம், அதைத் தூக்கிக் கொடுத்துவிடலாகாது. வேப்பமர நிழலில் இளைப்பாறலாம். இலை குப்பை சேர்க்கிறதென்று கிளையை வெட்டலாகாது. மூலையில் கிடக்கும் பழைய பாத்திரங்களை வேலைக்கார அம்மாவுக்குக் கொடுப்பது இரக்கச் செயலாகத் தோன்றலாம். ஆயினும், பிறர் பொருளைக் கொண்டு செய்யும் தருமம் நம்முடைய தருமம் ஆகாது.

இதைவிட நுட்பமானது ஒன்று உண்டு. பூட்டிய அலமாரியைப் பூட்டு காக்கிறது. மேசைமேல் கிடக்கும் நாட்குறிப்பையும், திறந்த உறையில் உள்ள கடிதத்தையும், மருத்துவ அறிக்கையையும் காப்பது மனச்சான்று மட்டுமே. ஒரு குடும்பத்தின் சுவர்களுக்குள் வாழ்பவர் அதன் மறைவான துயரங்களையும் அறிய நேரும். அறிந்ததை வெளியே சொல்லாதிருப்பது, பொருளைத் திருடாதிருப்பதற்கு இணையான கடமை. வள்ளுவர் கள்ளாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல் வெஃகாமைக்கும் தனி அதிகாரம் வகுத்ததை இங்கே எண்ணிப் பார்க்கலாம். கை எடுக்கும் முன்பே மனம் எடுத்துவிடுகிறது.

போக ஓர் இடம்

வீட்டைப் பிறர் பொறுப்பில் விட நம்மவர் அஞ்சுவதற்கு முதற்காரணம் ‘அனுபவ பாத்தியதை’ என்னும் சொல். நெடுங்காலம் குடியிருந்தால் வீடே அவருக்குச் சொந்தமாகிவிடும் என்ற அச்சம் பரவலானது. 2012இல் உச்ச நீதிமன்றம், கோவாவைச் சேர்ந்த ஒரு வழக்கில் இதனைத் தெளிவாக்கியது. சகோதரியின் வீட்டில் சகோதரர் பொறுப்பாளராகத் தங்கியிருந்ததைப் பற்றிய வழக்கு அது. கட்டணமின்றித் தங்க அனுமதிக்கப்பட்டவரோ, வீட்டைப் பார்த்துக்கொள்பவரோ, எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் அவ்வீட்டில் உரிமை பெறுவதில்லை. கேட்டவுடன் ஒப்படைத்தாக வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறுகிறது.

வீட்டுக்காரருக்கு இது ஆறுதல். தங்குபவருக்கோ எச்சரிக்கை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் தம் வீட்டை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். உறவினரின் பெரிய வீட்டில் ஏழாண்டுகள் காவலாக இருந்தார். குடும்ப அட்டையும் அம்முகவரிக்கே மாறிவிட்டது. ஒருநாள் உறவினர் வீட்டை விற்க முடிவுசெய்கிறார். அதில் அநீதி எதுவும் இல்லை, வீடு அவருடையது. ஆனால், எழுபத்து மூன்று வயதில் ஆசிரியர் எங்கே போவார்?

இக்கட்டுரை சொல்ல விழைவதெல்லாம் இதற்குள் அடங்கும். விட்டுப் போக இயன்றவரே பிறர் வீட்டை நேர்மையாகக் காக்க இயலும். போக இடமில்லாதவரிடம் அச்சம் குடிபுகுகிறது. சுவரில் நீர்க்கசிவு கண்டால், தம்மைக் குறை சொல்வார்களோ என்று மறைக்கத் தோன்றும். முறையற்ற வேலையை ஏவினால் மறுக்கத் துணிவு வராது. காலம் செல்லச் செல்ல, “இத்தனை ஆண்டுகள் காத்தேனே” என்ற எண்ணம் உரிமைக் குரலாக மாறும். நல்லவரையும் அச்சம் இப்படி வளைத்துவிடும். அவர் வெளித்தோற்றத்தில் காவலர். உள்ளபடி அடைக்கலம் தேடியவர். அடைக்கலம் தேடுவது இழிவன்று. ஆனால், அடைக்கலம் தரும் கடமை பிள்ளைகளுக்கும் உறவினர்க்கும் சமூகத்துக்கும் உரியது. முதியவர் தம் கூரைக்கு விலையாக நாள்தோறும் காவல் செலுத்துவதாக அக்கடமையை மாற்றிவிடக் கூடாது.

ஆதலால், ஓய்வு பெற்றோர் தம் வீட்டை அவசரப்பட்டுக் கைவிட வேண்டாம். பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுப்பதானால், வாழ்நாள் முழுதும் தங்கும் உரிமையையும் பராமரிப்புக் கடமையையும் பத்திரத்திலேயே குறிப்பிடுங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அந்நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை இரத்துச் செய்யக் கோர வழிசெய்கிறது. சொந்த வீடு இல்லாதவர், ஒற்றை அறையாயினும், திரும்பிச் செல்லத்தக்க ஓர் இடத்தை உறுதிசெய்துகொண்ட பின்னரே பிறர் வீட்டுச் சாவியைக் கையில் வாங்குவது நலம்.

வழிப்போக்கரின் மனம்

“எதையும் எனதென்று பற்றாமல் வாழ்வதன்றோ ஞானம்? வீட்டை விற்றுவிட்டு ஊர் ஊராகப் பிறர் இல்லங்களில் தங்கி வாழ்பவர் அதற்கு நெருங்கியவர் அல்லரோ?” என்று சிலர் கேட்கக்கூடும். மேனாடுகளில் ஆண்டு முழுவதும் அவ்வாறு வாழ்வோர் உண்டு. வினா நியாயமானதே.

புனித அகுஸ்தினார் ‘கிறிஸ்தவப் போதனை’ என்னும் நூலில் பொருள்களைப் பயன்படுத்துவதற்கும் அவற்றில் இன்புற்றுத் தங்கிவிடுவதற்கும் வேறுபாடு காட்டுகிறார். தாய்நாடு திரும்பும் வழிப்போக்கர் வண்டியின் சுகத்திலும் வழியின் அழகிலும் மயங்கிப் பயணத்தின் முடிவையே மறந்துவிடுவதை அவர் உவமையாக்குகிறார். பிறர் வீடுகளில் மாறி மாறித் தங்குபவரும் பற்றற்றவர் என்று உடனே சொல்லிவிட முடியாது. கடற்கரை வீடு, மலையடிவார வீடு என்று புதுப்புது வீடுகளின் மேலேயே அவர் பற்றுக் கொண்டிருக்கலாம். துறவி உடைமையை விடுகிறார். அண்டை வீட்டாரை விடுவதில்லை. அடுத்த தெரு நோயாளியைப் பார்க்கவும், இறப்பு வீட்டில் உடனிருக்கவும், தாம் விழுந்தால் தூக்கவும் அறிந்த முகங்கள் வேண்டும். மூன்று வாரத்துக்கொரு முகவரி மாறுபவருக்கு அம்முகங்கள் வாய்ப்பது அரிது. ஆண்டில் சில வாரங்கள் இப்பணியை ஏற்பது மனத்துக்கு மலர்ச்சி தரும். முதுமையின் முழு வாழ்வாக அதனை ஆக்கிக்கொள்ளும் முன் தனிமையின் விலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிலையாமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் ‘புக்கில்’, ‘துச்சில்’ என்ற இரு சொற்களை எதிரெதிரே நிறுத்துகிறார். புகுந்து நிலையாகத் தங்கும் இல்லம் புக்கில். சிறிது காலம் ஒதுங்கியிருக்கும் இடம் துச்சில். உடம்பு உயிருக்குத் துச்சில் என்பது அவர் கருத்து. வேறொரு புக்கில் இருப்பதை அறிந்தவருக்கே துச்சிலில் அமைதியாக இருக்க முடியும் என்றும் இதை விரித்துக்கொள்ளலாம். நம் வீடுகளுக்கும் இது பொருந்தும்.

பிறர் வீட்டைக் காக்க அழைப்பு வந்தால், அன்பர்களே, மூன்று வினாக்களை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நாளையே சாவியைக் கேட்டால் முகம் கோணாமல் கொடுப்பேனா? கொடுத்துவிட்டுச் செல்ல எனக்கு ஓர் இடம் உண்டா? வீட்டுக்காரர் அறியாமல் நான் செய்வது எதையேனும் அவர் அறிந்தால் நாணுவேனா? விடைகள் தெளிவாக இருந்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். புறப்படும் நாளில் தரையைப் பெருக்கி, குப்பையை அகற்றி, உடைந்தது ஏதேனும் இருந்தால் எழுதி வைத்து, சாவியை உரியவர் கையில் நேரில் கொடுத்துவிட்டு வாருங்கள்.