பெரியவர்களின் இலை

"என் பிள்ளை காய்கறியைத் தொடவே மாட்டேன் என்கிறான்" என்று குறைப்படாத பெற்றோரை இந்நாளில் காண்பது அரிது. வைத்தியரிடம் போனால் பசிக்கு மருந்து கேட்கிறார்கள். உறவினர் வீட்டுக்குப் போனால், "இவன் எதையுமே சாப்பிட மாட்டான்" என்று பிள்ளையின் காதில் விழும்படியே சொல்லி, அவனுக்கு மட்டும் அப்பளமும் சிப்ஸும் தனியாக வரவழைக்கிறார்கள். குழந்தையின் நாக்கு ஏதோ பூர்வஜன்ம வாசனையோடு வந்து பிறந்தது போலவும், அதன் விருப்பு வெறுப்புகளுக்கும் தங்கள் வீட்டு அடுப்பங்கரைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாதது போலவும் அவர்கள் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம், அந்தப் பிள்ளை நித்தமும் யாருடைய இலையைப் பார்த்து வளர்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றில், பந்தியில் எனக்கு எதிரே ஒரு தகப்பனாரும் அவருடைய மூன்று வயதுக் குழந்தையும் உட்கார்ந்திருந்தார்கள். சாம்பாரில் கிடந்த கத்திரிக்காய்த் துண்டைப் பேச்சினிடையே, தாம் செய்வது இன்னதென்று அறியாமலே, அவர் ஆள்காட்டி விரலால் இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினார். அடுத்துக் கறிவேப்பிலையை ஒதுக்கினார். கூட்டில் இருந்த பூசணிக்காயும் அவ்வாறே போயிற்று. குழந்தை அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தன் இலையைக் குனிந்து நோக்கி, வாயில் வைத்துக்கூடப் பாராத கத்திரிக்காயை அதே விரலால், அதே ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, தகப்பன் முகத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. "அப்பனைப் போலவே இதற்கும் கத்திரிக்காய் ஆகாது" என்று பக்கத்தில் இருந்த பாட்டி பூரித்துப்போனாள். ஆயுள் முழுவதும் நிலைக்கக்கூடிய ஒரு வெறுப்பு, ஒரு வார்த்தை உபதேசமும் இல்லாமல், அரை நிமிஷத்துக்குள் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குக் கைமாறியதை நான் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

உண்மையில் இந்தக் கல்வி பந்தியில் உட்காருவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிடுகிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலோ, பாலூட்டும் ஆரம்ப மாதங்களிலோ காரட் சாறு அருந்திவந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு, காரட் சுவை கலந்த கூழைப் பின்னர் முதன்முதலாக ஊட்டியபோது, காரட் சேராத கூழுக்குச் சுளித்ததைக் காட்டிலும் அவை முகம் சுளித்தது குறைவு, மற்றக் குழந்தைகளிடம் அந்த வேறுபாடு இல்லை என்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள மொனெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜூலி மென்னெல்லாவும் அவருடைய சகாக்களும் 2001-இல் வெளியிட்டார்கள். தாய் உட்கொண்ட பூண்டின் மணம் பாலில் இறங்குவதையும், அந்த மணமுள்ள பாலைக் குழந்தை அதிக நேரம் பற்றிக் குடிப்பதையும் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே மென்னெல்லா கண்டிருந்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுக்கும் நம் வீடுகளில், அக்குழம்பில் குழந்தைக்கும் ஒரு பங்கு இருந்து வந்திருக்கிறது.

ஆனால் முகம் சுளிக்கும் குழந்தையிடம் நாம் நடந்துகொள்ளும் விதம்தான் எனக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது. முதல் வாய்க் கீரையை அது நாக்கால் வெளியே தள்ளினால், இரண்டாம் நாளும் தள்ளினால், மூன்றாம் நாள் கீரை அவ்வீட்டுப் பிள்ளைச் சாப்பாட்டிலிருந்தே மறைந்துவிடுகிறது. புதிய உணவொன்றைச் சிறு பிள்ளைகள் ஏற்பதற்கு எட்டுப் பத்துத் தடவைகளேனும், சில சமயம் அதற்கு மேலும், கொஞ்சம் கொஞ்சமாக ருசி பார்க்க நேருகிறது என்பது லீஆன் பிர்ச் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் முதலியோர் பல பரீட்சைகளால் கண்ட முடிவு. ஒன்றைத் தின்றால் பரிசு உண்டு என்று ஆசை காட்டித் தின்னவைத்தால், பரிசு நின்றதும் அப்பண்டத்தின் மேல் பிள்ளைக்கு முன்னிருந்த பிரியமும் குறைந்துபோவதை அவர்கள் கண்டார்கள். "கீரையைத் தின்றால் ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லும் தாய், கீரை ஒரு தண்டனை, ஐஸ்கிரீமே நல்வாழ்வு என்ற பாடத்தையே வாத்சல்யத்தோடு கற்பிக்கிறாள். ஒரு கரண்டிக் கீரையைப் பிள்ளையின் தட்டிலும் வைத்து, தின்றாலும் தின்னாவிட்டாலும் ஒரு பேச்சும் பேசாமல், தானும் அதையே ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பொறுமைக்கு ஈடான உபாயம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவு சொல்வதனால், பாட்டன் பாட்டி உண்டதையெல்லாம் அப்படியே உண்டால் போதும் என்பது என் அபிப்பிராயம் என்று வாசகர்கள் எண்ணலாகாது. நீலகிரியில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில், 1918-இல், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மக்காரிசன் என்ற வைத்திய நிபுணர் சிறு அளவில் ஒரு பணியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. இந்தியாவின் பல பிரதேசத்தார் வழக்கமாக உண்ணும் ஆகாரங்களைத் தனித்தனிக் கூட்டங்களாக வைத்த எலிகளுக்கு மக்காரிசன் கொடுத்துப் பார்த்தபோது, முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய்கறி அடங்கிய சீக்கியர் ஆகாரத்தை உண்டவை செழித்து வளர்ந்தன. தீட்டிய அரிசியைக் கழுவி வடித்த சோறே பெரும்பகுதியாய், பால் மிகச் சொற்பமாய் இருந்த சென்னை மாகாணத்து ஆகாரத்தை உண்டவை வளர்ச்சியில் கடைசியில் நின்றன. நம்மைப் பற்றி நமக்குள்ளேயே, நம் மலையின் மேலேயே நடந்த இந்தப் பரீட்சையை நாம் மறந்துவிட்டோம். இன்றைக்கும் நம் தட்டில் வெள்ளைச் சோறு குவியலாகவும், காய் ஊறுகாய் அளவாகவும் இருப்பதைச் சம்பிரதாயம் என்ற பெயரால் காப்பாற்றுவதற்கு நியாயம் இல்லை. நூறு கிராம் தானியத்தில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்துள்ள கேழ்வரகை, வசதி வந்தவுடன் ஏழைகளின் ஆகாரம் என்று பல குடும்பங்கள் கைவிட்டன; இன்று அதே கேழ்வரகு வண்ணப் பொட்டலத்தில் சர்க்கரை சேர்ந்து பிஸ்கட்டாகத் திரும்பி வரும்போது அதிக விலை கொடுத்து வாங்குகின்றன.

சர்க்கரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேர்க்கப்படும் சர்க்கரை அன்றாட ஆகார சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும், இருபதில் ஒரு பங்குக்குள் அடங்கினால் இன்னும் நலம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த இருபதில் ஒரு பங்கு ஏறக்குறைய நான்கு தேக்கரண்டி. காலைப் பாலில் இரண்டு, அதில் கலக்கும் மாவில் ஒன்றோ இரண்டோ என்று பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்பே அந்தக் கணக்குத் தீர்ந்துபோகிறது. மாலைப் பிஸ்கட்டும் புட்டியில் அடைத்த பழரசமும் அதற்கு மேல் வருகின்றன. 'ஆரோக்கிய பானம்' என்ற ஒரு வகை நம் உணவுச் சட்டத்தில் வரையறுக்கப்படவே இல்லை என்று காட்டி, அப்பெயரின் கீழ் பானங்களை விற்கலாகாதென்று இணைய வியாபாரிகளுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் சொல்ல வேண்டியிருந்தது. சர்க்கரை போடாத பாலைப் பெரியவர்கள் குடிக்கத் தொடங்கும் வீட்டில், பாலென்றால் இனிக்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தோன்றுவதற்கே இடமிராது.

கைபேசியைக் காட்டிச் சோறூட்டுவதும் இன்று வழக்கமாகிவிட்டது. தாய் நிலவைக் காட்டி ஊட்டிய நாளில் அவள் கண் குழந்தையின் முகத்தில் இருந்தது; வயிறு நிறைந்து முகம் திரும்பியதும் கிண்ணம் கீழே இறங்கிற்று. திரையில் லயித்த குழந்தைக்குத் தன் பசியும் தெரிவதில்லை, நிறைவும் தெரிவதில்லை. கிண்ணம் காலியாகும் வரை வாய் மட்டும் திறந்து மூடுகிறது.

விடியுமுன் வேலைக்கு ஓடும் தாயிடம் போய் இவற்றையெல்லாம் குற்றமாகச் சொல்வது தர்மமாகாது. காமராஜர் ஆட்சியில் 1956-இல் மாநிலமெங்கும் பரவத் தொடங்கிய மதிய உணவும், 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆரம்பமான காலைச் சிற்றுண்டியும் அத்தகைய தாயின் பாரத்தை அறிந்து ஏற்பட்டவை. வீட்டில் காயை ஒதுக்கும் பிள்ளை, பள்ளியில் தோழர்களோடு வரிசையாக உட்கார்ந்தால் அதே காயைச் சாதத்தோடு பிசைந்து உண்டுவிட்டு எழுந்திருக்கிறான். உடன் உண்பவர்களே அவனுக்கு உபாத்தியாயர்கள்.

ஆயினும் நம் வீடுகளில் உடன் உண்ணாதவள் ஒருத்தி இருக்கிறாள். கணவனும் பிள்ளைகளும் மாமனார் மாமியாரும் உண்டு எழுந்த பிறகு, அடியில் மிஞ்சிய குழம்பையும் மோரையும் ஊற்றி, அடுப்படியில் நின்றுகொண்டே தன் சாப்பாட்டை முடிப்பவள் அவள். 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கும், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கும் இரத்த சோகை இருப்பதாகத் தெரியவந்தது. பிறக்கும் குழந்தை முதல் ஆறு மாதங்களுக்கு வேண்டிய இரும்புச் சத்தின் பெரும்பகுதியைத் தாயின் உடலிலிருந்தே சேமித்துக்கொண்டு வருகிறது; அவள் தட்டில் விழாத கீரை அவள் குழந்தையின் இரத்தத்திலும் இல்லாமற்போகிறது. ஆகையால் இன்று இரவு சாப்பிட உட்காரும் ஆண்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: குழம்பில் காய் இருக்கும்போதே வீட்டுக்காரிக்கும் ஒரு தட்டு வைத்து அவள் பங்கைப் பரிமாறுங்கள், பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார்த்தி, அவள் வந்து அமர்ந்த பிறகு உங்கள் முதல் கவளத்தை எடுங்கள்.