ஓரிரவுத் தாலி

இழக்கப்போவது உறுதி என்று தெரிந்த பிறகும் அன்பு வைப்பதற்குப் பொருள் உண்டா என்பது பழைய கேள்வி. திருக்குறளில் நிலையாமை அதிகாரத்தை அடுத்து வருவது துறவு. கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் கூத்தாண்டவர் விழாவோ, அதே நிலையாமையை ஒப்புக்கொண்டு தாலி கட்டுகிறது.

வியாச பாரதத்தில் அருச்சுனன் மகன் இராவான் எட்டாம் நாள் போரில் மாள்கிறான். தமிழில் அவன் அரவான், பாண்டவர் வெற்றிக்குத் தன்னையே களப்பலி தருபவன்; கூத்தாண்டவராகக் கும்பிடப்படுபவன் அவனே. 9ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே இந்தக் களப்பலி இருக்கிறது. கல்யாணக் கதை தெருக்கூத்திலும் ஊர் வழக்கிலும் வளர்ந்தது. மணமாகாமல் சாக அரவானுக்கு மனமில்லை. விடிந்தால் தாலியறுக்க வேண்டிய இடத்தில் யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாகி அவனை மணக்கிறான். காக்க வல்ல கடவுள் இங்கே காக்கவில்லை. மறுநாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறான். கதையின் கூர்மை இந்த இடத்தில்தான்.

விழாவில் திருநங்கைகள் பட்டும் பூவுமாக வந்து பூசாரி கையால் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். நேர்த்திக்கடனாகக் கட்டிக்கொள்ளும் ஊர் ஆண்களும் உண்டு. இரவெல்லாம் கும்மியும் பாட்டும். காலையில் தேர் அழுகளம் போய்ச் சேர்ந்ததும் வளையல் உடைகிறது, குங்குமம் அழிகிறது, அதே கயிறு அறுபடுகிறது. குளித்து வெள்ளைப் புடவை உடுத்துகிறார்கள். இதை வெறும் நடிப்பு என்று தள்ளிவிட முடியாது. பெற்ற வீடு கதவடைத்ததும், கூட இருந்தவர் செத்ததும் அந்த ஒப்பாரியில் வெளிவருகின்றன. வேறெங்கும் அழ இடம் கிடைக்காதவருக்கு இங்கே ஊரறிய அழும் உரிமை கிடைக்கிறது.

கூவாகத்தில் அழப்படுவது நாள் குறித்து வரும் இழப்பு. ஆனால் புதுச்சேரியில் பாகூர் கொம்யூனின் பனித்திட்டு போன்ற மீனவ ஊர்களுக்கு 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை சொல்லிக்கொண்டு வரவில்லை. புதுச்சேரிக் கரையோரத்தில் ஆண்டுதோறும் அந்நாளில் கடலில் பால் ஊற்றிப் பூத் தூவுகிறார்கள். பறித்த கடலும் சோறு போடும் கடலும் ஒன்றே. படகுகள் அதில்தான் இறங்குகின்றன. இங்கும் நிலையாமைக்கு விடை துறவு அன்று.

ஆனாலும் சடங்கு தருவதற்கு ஓர் எல்லை இருக்கிறது. கடவுளுக்கு ஓரிரவு மனைவியாகத் திருநங்கை ஒருத்தியைக் கும்பிடும் ஊர், மனிதன் ஒருவனுக்கு ஆயுள் முழுக்க மனைவியாக அவளை ஏற்க எளிதில் ஒப்புவதில்லை. தூத்துக்குடியில் கோயிலில் நடந்த அப்படியொரு திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தபோது வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. இந்துத் திருமணச் சட்டம் சொல்லும் மணமகள் என்பதில் திருநங்கையும் அடங்குவார் என்று 2019 ஏப்ரலில் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. அந்தத் திருமணத்தைப் பதிவு செய்யவும் உத்தரவிட்டது.