நிலத்தின் ஓவியமும் தீர்ப்பின் பொறுப்பும்

சில சொற்களில் விவரித்தவுடன் அதற்கேற்ற படத்தைப் புதிதாக ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு, பூங்காக்களுக்கும் வளாகங்களுக்கும் நிலவடிவமைப்புப் படங்களை வரையவும், பிறர் வரைந்த படங்களை மதிப்பிட்டு மதிப்பெண் இடவும் இன்று பயன்படுத்தப்படுகிறது. வரைதல் பெரிதும் தொழில்நுட்பம் சார்ந்தது. மதிப்பிடுதலோ, ஓர் இடம் நன்றாக அமைந்திருக்கிறது என்று சொல்லும் தகுதி எதனால் வருகிறது என்ற பழைய மெய்யியல் கேள்வியை மீண்டும் எழுப்புகிறது.

ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட், 1790-இல் வெளியிட்ட தீர்ப்புத்திறன் பற்றிய தம் நூலில் தீர்ப்பை இருவகையாகப் பிரித்தார். முன்பே தெரிந்த ஒரு விதியின்கீழ் எதிரே இருக்கும் பொருளைக் கொண்டுவருவது ஒரு வகை. விதி எதுவும் கையில் இல்லாத நிலையில், அப்பொருளிலிருந்தே தொடங்கித் தேடித் தெளிவது மற்றொரு வகை. சக்கர நாற்காலி செல்லும் சாய்தளம் ஓரடி உயர 12 அடி நீளம் கொண்டிருக்கிறதா, மழைநீர் கட்டடத்தை விட்டு விலகி ஓடுகிறதா என்பன முதல் வகையைச் சேர்ந்தவை. அளவுகள் சரியாகத் தரப்பட்டால் இவற்றை இயந்திரம் சரிபார்ப்பதில் மெய்யியல் தடை ஏதும் இல்லை. அழகைப் பற்றிய தீர்ப்பு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நூறு பேர் ஒன்றைப் புகழ்ந்தாலும் அப்புகழ்ச்சி அதன் அழகுக்குச் சான்றாகாது, ஒவ்வொருவரும் தாமே கண்டு தாமே உணர்ந்தாக வேண்டும் என்பது கான்ட்டின் உறுதியான நிலைப்பாடு.

படத்தின் அழகுக்கு இயந்திரம் மதிப்பெண் இடும் முறையோ அந்த நூறு பேரின் புகழ்ச்சியையே அடித்தளமாகக் கொண்டது. 2022-இல் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்னும் படமாக்கும் மென்பொருளுக்குப் பயிற்சி அளித்தபோது, மக்கள் 1 முதல் 10 வரை இட்ட மதிப்பெண்களிலிருந்து கற்ற ஒரு கருவியைக் கொண்டே படங்கள் சலித்தெடுக்கப்பட்டன. பலரும் முன்பு விரும்பியவற்றைப் பார்த்து வரைவதும், பலரும் முன்பு விரும்பியவற்றோடு ஒப்பிட்டு மதிப்பிடுவதும் ஒன்றாகச் சேரும்போது, மாணவனே தன் விடைத்தாளைத் திருத்திக்கொள்ளும் நிலை உண்டாகிறது. இத்தகைய படங்களில் மரங்கள் பெரும்பாலும் முழு வளர்ச்சியுடன் நிற்பதும், வெவ்வேறு பருவத்துப் பூக்கள் ஒருங்கே மலர்ந்திருப்பதும் இதன் விளைவுகளே. நட்டவுடன் அந்நிலம் எவ்வளவு வெறுமையாக இருக்கும் என்பதைக் காட்டும் படத்தை யாரும் விரும்பிக் கேட்பதில்லை.

படம் மயக்கும் என்பது இயந்திரத்தோடு வந்த புதுக் கவலை அன்று. 1788-இல் நிலவடிவமைப்பைத் தொழிலாக மேற்கொண்ட ஆங்கிலேயர் ஹம்ப்ரி ரெப்டன், நில உரிமையாளர்களுக்குச் சிவப்பு அட்டையிட்ட நூல்களைத் தயாரித்து அளித்தார். அவற்றில் நிலத்தின் இன்றைய தோற்றத்தைக் காட்டும் மேல்தாளைத் தூக்கினால், அவர் முன்மொழியும் தோற்றம் அடியில் தெரியும். ஓவியர் ஓரிடத்தில் நின்று பார்ப்பவர், நிலவடிவமைப்பாளரோ நடந்துகொண்டே பார்ப்பவர் என்று வேறுபடுத்திக் காட்டியவரும் அவரே. 1811-இல் வண்டி விபத்தில் முதுகெலும்பு காயமுற்றுச் சக்கர நாற்காலியில் இயங்க நேர்ந்த அவர், 1816-இல் வெளியிட்ட நூலில், குனியாமலே பறிக்கும் உயரத்திற்கு எழுப்பிய ஸ்ட்ராபெர்ரி பாத்திகளைப் பரிந்துரைத்தார். இத்தகைய தீர்ப்பு எந்தப் படத்தொகுப்பிலிருந்தும் வருவதன்று. வலியுள்ள உடலோடு ஒரு தோட்டத்தில் இருந்து பார்த்தவருக்கே அது வரும்.

அதே நூலில் எசெக்ஸ் பகுதியிலிருந்த தம் சொந்த வீட்டிலிருந்து தெரியும் காட்சியையும் அவர் இரு நிலைகளில் வரைந்திருக்கிறார். மேல்தாளில், இறைச்சி தொங்கும் கசாப்புக் கடையும், வேலியோரம் நிற்கும் உடல் ஊனமுற்ற இரவலர் ஒருவரும் காணப்படுகின்றனர். தாளைத் தூக்கினால் வேலி தள்ளிப்போய், ரோஜாக் கொடிகள் கடையை மறைத்திருக்க, அந்த இரவலர் இல்லை. நடக்க இயலாமையை அறிந்த ஒருவரின் கையே அவரை நீக்கியது என்பது வருந்தத்தக்கது. ஆயினும் நீக்கியவர் யார் என்று தெரிவதால், 200 ஆண்டுகளுக்குப் பின்னும் அவரிடம் அதற்குக் காரணம் கேட்க முடிகிறது. இயந்திரம் ஆக்கிய படத்தில் நடைபாதை வணிகரோ வீடற்றவரோ இடம்பெறாமல் போனால், அந்த நீக்கத்துக்குப் பொறுப்பேற்பவர் யாரும் இல்லை. நீக்கம் நிகழ்ந்தது என்பதே தெரியாமல் போகவும் கூடும்.

ஆகவே இயந்திரம் வரைந்தது என்பதற்காக ஒரு படத்தைத் தள்ள வேண்டியதில்லை. நல்ல யோசனை எங்கிருந்தும் வரலாம். ஆனால் அந்தப் படத்தை ஏற்கலாம் என்னும் தீர்ப்பில், நிலத்தை நடந்து பார்த்த ஒருவர், படத்தில் விடுபட்டோர் யார் என்று விசாரித்தறிந்த பின், தம் பெயரிட்டுக் கையொப்பமிட வேண்டும். கல்லூரிகளும் நகராட்சிகளும் இந்த ஒரு பொறுப்பை மட்டும் இயந்திரத்திடம் ஒப்படைக்கலாகாது.