மழை விடட்டும், பார்க்கலாம்

தளம் ஒழுகுகிறது என்று வாடகைக்கு இருப்பவர் ஐப்பசியில் போன் செய்தால் வீட்டுக்காரர் சொல்வது: "மழை விடட்டும், பார்க்கலாம்." பங்குனியில் நினைவூட்டினால்: "அதான் இப்ப ஒழுகலையே." இரண்டுமே பொய்யில்லை. ஈரத்தளத்தில் தட்டோடு பதிக்க முடியாது. காய்ந்த தளத்தில் ஒழுகும் இடம் கண்ணுக்குத் தெரியாது. இந்த இரண்டு உண்மைகளுக்கு நடுவே ஒரு குடும்பம் வாளியும் பழந்துணியுமாக மூன்று மழைக்காலங்களை ஓட்டிவிடும். யாரும் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ஆனாலும் ஒருவர் நனைகிறார், ஒருவர் வாடகை வாங்குகிறார்.

பழுது யாருடையது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் எழுதி வைத்த பதில் உண்டு. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அகற்றிவிட்டு, 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வேலைகளைப் பங்கு பிரிக்கிறது. கட்டடத்தின் பெரிய பழுதுகள், வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுதல், வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பக்கம். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, உடைந்த கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் பக்கம். வீட்டுக்காரர் தம் பங்கைச் செய்ய மறுத்தால், குடியிருப்பவரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறது. குடியிருப்பவர் தவறினால் அட்வான்ஸில் கை வைக்கலாம். நியாயமான ஏற்பாடுதான். சில்லறைப் பழுதுகளுக்கு இதற்கு மேல் அறம் பேச வேண்டியதில்லை. ஒரு வாஷருக்கு வீட்டுக்காரரைக் கூப்பிடுபவரும், அதற்கும் ரசீது கேட்பவரும் ஒருவருக்கொருவர் பொருத்தமானவர்களே.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அட்டவணை பொருளை வைத்துப் பங்கு பிரிக்கிறது; பழுதோ காரணத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது. சமையலறை சுவிட்ச் போர்டைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுவிட்ச் குடியிருப்பவர் கணக்கு. ஆனால் அது ஷாக் அடிப்பது சுவர் ஈரமாக இருப்பதால். சுவர் ஈரமானது மேல்தளத்து விரிசலால். விரிசல் வீட்டுக்காரர் கணக்கு. பழைய வீடுகளில் பல இன்னும் ஃபியூஸ் கட்டையை நம்பியே நிற்கின்றன. கம்பி சூடேறி உருகினால்தான் ஃபியூஸ் போகும். ஈரச்சுவர் வழியே ஓர் உடம்புக்குள் இறங்கும் மின்சாரம் அதற்குத் தெரியவே தெரியாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கருவி கடையில் கிடைக்கிறது. அதை யார் வாங்கி மாட்டுவது என்ற பேச்சில் ஒரு மாதம் போகும். அந்த மாதம் முழுவதும் ஈரக்கையோடு மிக்சி போடுபவர் அந்தப் பேச்சில் பெரும்பாலும் இருப்பதில்லை.

இங்கே ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். எது அவசரம் என்று முடிவு செய்யும் உரிமை பணம் கொடுப்பவருக்கு இல்லை, அந்தக் கூரையின் கீழ் தூங்குபவருக்கே உண்டு. எப்படிச் சரிசெய்வது, எந்த ஆளை வைத்துச் செய்வது என்பதில் வீட்டுக்காரர் சொல் எடுபடட்டும். ஆனால் கழிவறை நிரம்பி மேலே வருவதும், மின்சாரம் கசிவதும், கான்கிரீட் பெயர்ந்து விழுவதும் "ஞாயித்துக்கிழமை ஆள் அனுப்பறேன்" என்ற பதிலுக்குள் அடங்குபவை அல்ல. முதலில் ஆபத்தை நிறுத்த வேண்டும், கணக்கை விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த உரிமையோடு ஒரு கடமையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. நள்ளிரவில் குழாய் வெடித்தால் வால்வை மூடாமல் போனை மட்டும் அடித்துக்கொண்டிருப்பது குடியிருப்பவரின் குற்றம். ஆனால் வால்வு எங்கே என்று யாராவது காட்டியிருக்க வேண்டும். சாவி கொடுக்கும் நாளில் வாடகைத் தேதியையும் ஆணி அடிக்கக்கூடாது என்ற விதியையும் மறக்காமல் சொல்பவர்கள், மெயின் சுவிட்சையும் பிளம்பர் நம்பரையும் சொல்ல ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

வீட்டுக்காரர் என்றதும் பத்து வீடு வைத்திருப்பவரையே நினைத்துக்கொண்டால் நியாயம் எளிதாகிவிடும். மாடியை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் மாத்திரை வாங்கிக் கீழே குடியிருக்கும் விதவைத் தாயும் வீட்டுக்காரர்தான். தட்டோட்டைப் பெயர்த்து மறுபடி பதிக்கும் செலவு அவருடைய பல மாத வருமானம். அவரிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. வேலையைத் தவணையில் செய்யலாம், ஒழுகும் அறையைப் பூட்டி வாடகையைக் குறைக்கலாம், குடியிருப்பவர் செலவழித்து மாதாமாதம் கழித்துக்கொள்ளலாம். முழு வாடகையும் வாங்கிக்கொண்டு அரை வீட்டைக் கொடுக்க மட்டும் அவருடைய வறுமை அனுமதி ஆகாது. இல்லாததை இல்லையென்று சொல்லிவிட்டால் பேசித் தீர்க்கலாம். "பார்க்கலாம்" என்று சொன்னால் தீர்க்க ஒன்றுமில்லை.

மறுபக்கத்தின் மௌனமும் கணக்கில் வர வேண்டியதே. கூரையில் கையளவு ஈரத்தைப் பார்த்தும் சொல்லாதவர்கள் ஏராளம். சொன்னால் வாடகை ஏறும், இல்லாவிட்டால் "பிடிக்கலேன்னா காலி பண்ணிக்குங்க" என்று வரும். பிள்ளையின் பள்ளி பக்கத்தில் இருக்கிறது. சொல்லாமல் விட்ட ஈரம் உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டியது பெருஞ்செலவாகிறது. "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்று வீட்டுக்காரர் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் சொன்னவரைக் காலி செய்யச் சொல்லும் வழக்கமுள்ள ஒருவர் அதைக் கேட்கும்போது, அந்த மௌனத்துக்கு அவரே அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார் என்றுதான் பொருள்.

அட்வான்ஸ் என்றதும் பெயின்ட் நினைவுக்கு வருகிறது. சட்டம் மூன்று மாத வாடகை என்று பேசினாலும் சென்னையில் அதற்கு மேல் கேட்பது பழக்கம். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டிங் செலவென்று பிடித்துக்கொள்வதும் பழக்கம். வெள்ளையடிப்பு யார் பொறுப்பு என்று அட்டவணை சொல்வதை இருதரப்பும் பெரும்பாலும் படிப்பதில்லை. அந்தப் பணத்தில் சுவர்கள் புதிதாகின்றன. ஈரக்கறை இருந்த மூலையில் மட்டும் இரண்டு கோட்டிங் கூடுதலாக ஏறுகிறது. டு-லெட் பலகை மாட்டப்படுகிறது. சித்திரை வெயிலில் வீடு பார்க்க வருபவர்கள், அந்த அறையில் வெளிச்சம் நன்றாக வருகிறது என்று சொல்லி அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.